கொல்லையில் 6 அடி இழுத்துக் கட்டுவதா, இருக்கிற அடுப்படியையே சரிசெய்வதா?

வலங்கைமான் மருமகள்

வணக்கம். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். வெளியாட்களிடம் கேட்டால் தெளிவு கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

வீடு வலங்கைமான் பக்கத்தில், 1989-இல் மாமனார் கட்டியது. மேற்குப் பார்த்த வாசல், தென்கிழக்கு மூலையில் அடுப்படி. வெளிச்சுவரெல்லாம் 9 அங்குலச் செங்கல், மேலே கான்கிரீட் தளம், தூண் கிடையாது. அடுப்படி 8 அடி அகலம், 11 அடி நீளம். கிழக்குச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே கொல்லை: துவைக்கிற கல், அடிபம்பு, ஒரு கறிவேப்பிலை மரம்.

என் கணவர் கொல்லைப் பக்கம் 6 அடி இழுத்துக் கட்டிவிடலாம் என்கிறார். மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். அஸ்திவாரம், சுவர், தளம், கிழக்குச் சுவரை உடைத்து வழிவிடுவது எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 20 ஆயிரம் சொன்னார். மேடை, அலமாரி, குழாய், வயரிங் எதுவும் இதில் வராது. அதற்குத் தனியாக இன்னொரு 2 லட்சம் ஆகும். இழுக்காமல் உள்ளே மட்டும் உடைத்துச் செய்தால் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குள் முடிக்கலாமாம். எங்கள் கையில் இருப்பது 4 லட்சம்.

எனக்கு உறுத்துவது இடம் மட்டும் இல்லை, மேடையும்தான். மேடை 3 அடி உயரம். கட்டும்போது உயரமான மாமனாரை நிற்கவைத்து அளவெடுத்தார்களாம். ஆனால் அங்கே நின்று சமைத்தது அத்தை. அவர் 4 அடி 10 அங்குலம். இத்தனை வருடமாக ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் கிண்டுகிறார். அவர் பாதம் படுகிற இரண்டு இடமும் பலகையில் வழவழவென்று லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. போன கார்த்திகைக்குப் பொரி உருண்டைக்குப் பாகு பதம் பார்க்கும்போது பலகை நழுவி விழுந்துவிட்டார். பாகு மேலே கொட்டாதது தெய்வாதீனம். இடுப்பில் அடி, ஒரு மாதம் படுக்கை. அன்றிலிருந்து அந்த மேடையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பொங்கலுக்கு நாத்தனார்கள் வந்தால் அடுப்படியில் மூன்று பேர் சேர்ந்து நிற்க முடியாது. கிரைண்டரும் ஃபிரிட்ஜும் கூடத்தில்தான் இருக்கின்றன. அடுப்படிக்கு மேற்கே 5-க்கு 8 அடியில் ஒரு சாமான் அறை இருக்கிறது. பழைய பித்தளைப் பாத்திரமும் நெல் குதிரும் போட்டு வைத்திருக்கிறோம்.

எது சரி என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சாவூர்

அம்மா, முடிவு எடுக்கும் முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கொல்லையில் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, சுவரிலிருந்து எத்தனை அடி? அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதன்மேல் அஸ்திவாரம் போடக்கூடாது. இரண்டாவது, அடுப்படிக்கும் சாமான் அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் எத்தனை அங்குலம்? கதவு நிலை ஓரத்தில் டேப்பை வைத்தால் தெரிந்துவிடும்.

கிழக்குச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூண் இல்லாத வீட்டில் வெளிச்சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. அதை 6 அடிக்கு உடைப்பதென்றால் முதலில் ஜாக்கி கொடுத்துத் தளத்தை நிறுத்தி, உத்தரம் போட்ட பிறகுதான் கல்லில் கை வைக்க வேண்டும். மேஸ்திரி சொன்ன தொகையில் அந்த உத்தரம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பின்பக்கம் விட வேண்டிய காலியிடம், கட்டட அனுமதி இரண்டையும் ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத்தான் மண் தோண்ட வேண்டும்.

மன்னார்குடி தமிழ்ச்செல்வி

அக்கா, நாங்கள் 2016-இல் இதையேதான் செய்தோம். பின்னால் 7 அடி இழுத்தோம். தளம் போடப் பணம் பற்றாமல் சிமெண்ட் ஷீட் போட்டோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி அத்தனை ஷீட்டும் பறந்துபோனது. மறுநாள் காலையில் பார்த்தால் அடுப்பு மேடைமேல் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை கிடந்தது. அப்புறம் கடன் வாங்கித் தளம் போட்டோம்.

அதோடு தீரவில்லை. நம் பக்கத்து மண் களிமண். ஐப்பசி கார்த்திகையில் ஊறி உப்பும், சித்திரை வைகாசியில் வெடித்துப் பிளக்கும். பழைய அஸ்திவாரம் முப்பது வருடமாக இறங்கி நிலைத்துவிட்டது. புதுசு தனியாக இறங்கும். பழைய சுவரும் புதுச் சுவரும் சேர்கிற இடத்தில் மேலிருந்து கீழே கோடு விட்டது. இரண்டு முறை கொத்திப் பூசியாகிவிட்டது. அடைமழை வந்தால் அந்தக் கோட்டின் வழியாகத்தான் தண்ணீர் கசிந்து இறங்கும். நான் கீழே குண்டான் வைத்துவிடுவேன்.

இன்னொன்றையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பழைய அடுப்படி ஜன்னல் உள்பக்கம் போய்விட்டதால் காற்று இல்லை. முன்பு காலை வெயில் கூடம் வரை வரும். இப்போது பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத்தான் கீரை ஆய்கிறேன். உங்களுக்கும் ஒரே ஜன்னல் என்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

வலங்கைமான் மருமகள்

செல்வி, குண்டானைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. சார், நீங்கள் சொன்னபடி நானும் மகனும் அளந்து பார்த்தோம். துவைக்கிற கல்லை நகர்த்தினால் கீழே செப்டிக் டேங்க் மூடி! வீட்டுச் சுவரிலிருந்து நாலரை அடிதான். கணவர் வந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

சாமான் அறைச் சுவர் பூச்சோடு சேர்த்து 5½ அங்குலம். மற்ற சுவர்கள் 10 அங்குலம் வருகின்றன. மொட்டை மாடியில் அந்த இடத்துக்கு நேர் மேலே தொட்டி எதுவும் இல்லை. அந்த அறையை அடுப்படியோடு சேர்க்க முடியுமா? குதிரில் கடைசியாக நெல் கொட்டியது மாமனார் இருந்தபோதுதான். கொடுத்துவிடலாம் என்று அத்தையே சொல்லிவிட்டார்.

ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சாவூர்

அதைத்தான் எதிர்பார்த்தேன் அம்மா. 5½ என்றால் உள்ளே அரைக்கல் சுவர், அறையைப் பிரிப்பதற்காக வைத்தது. உங்கள் தளத்துக்கு 8 அடிதான் குறுகலான பக்கம். பாரத்தில் பெரும்பகுதி வடக்கு, தெற்குச் சுவர்களுக்குப் போயிருக்கும். ஆனால் தளம் போடும் முன்பே இந்தச் சுவரை எழுப்பியிருந்தால் அதுவும் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். தடிமனை மட்டும் நம்பி முழுச் சுவரையும் எடுத்துவிடாதீர்கள். இரண்டு ஓரமும் ஒன்றரை அடி விட்டு நடுவில் 5 அடி திறந்து, மேலே லிண்டல், அதாவது திறப்புக்கு மேல் பாரம் தாங்குகிற சின்ன உத்தரம், போடச் சொல்லுங்கள். உடைக்கும் முன் ஒரு பொறியாளர் நேரில் வந்து தளத்தின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடித்துப் பூச்சு உப்பியிருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

கிரைண்டர், ஃபிரிட்ஜ் இரண்டும் அங்கே போய்விட்டால் அடுப்படியில் மூன்று பேர் தாராளமாக நிற்கலாம். கிழக்கு ஜன்னலைத் தொடவே வேண்டாம்.

கும்பகோணம் கொத்தனார்

அக்கா, மேடையை ஒரே மட்டமாகக் கட்டச் சொல்லாதீர்கள். பெரியம்மாவை நேராக நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளவெடுங்கள். அதற்கு 4 அங்குலம் கீழே காய் நறுக்குகிற மேடை. அடுப்பு வைக்கிற பக்கம் இன்னும் 4 அங்குலம் இறக்க வேண்டும், ஏனென்றால் அடுப்பே அந்த உயரம் இருக்கும், அதன்மேல் பாத்திரமும் ஏறும். சிங்க் பக்கத்தை மட்டும் உங்கள் உயரத்துக்குக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். தொட்டிக்குள் கையை விட்டுக் கழுவுகிறோம், தாழ்வாக இருந்தால் முதுகு போய்விடும்.

அடுப்பு மேடையை இறக்கினால் அதன் கீழே சிலிண்டர் நிற்காது. பக்கத்து உயர மேடைக்கு அடியில் வையுங்கள், தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு ஓட்டை விட்டு வலை அடித்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் படியும். கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனியாக 16 ஆம்பியர் லைன் இழுக்கச் சொல்லுங்கள். பழைய வயரில் ஒட்டுப்போட விடாதீர்கள்.

மேடைக்குக் கறுப்பு கிரானைட் போதும். கடப்பா கல்லில் புளியும் எலுமிச்சையும் பட்டால் வெளுத்துவிடும், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வேலையைத் தை பிறந்து ஆரம்பியுங்கள். அடைமழையில் பூச்சு காயாது.

வலங்கைமான் மருமகள்

முடிவு செய்துவிட்டோம். கொல்லையில் இழுக்கவில்லை. சாமான் அறையைத் திறக்கிறோம், மேடையை இரண்டு மட்டமாகக் கட்டுகிறோம். பொறியாளர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இன்று காலை அத்தையைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கைக்கு நேரே சாக்பீஸால் கோடு போட்டேன்: 36½ அங்குலம். அப்படியானால் நறுக்குகிற மேடை 32½, அடுப்பு மேடை 28½. இவ்வளவு கீழேயா என்று அத்தை கேட்டார். அட்டைப் பெட்டிகளை அந்த உயரத்துக்கு அடுக்கி, மேலே அடுப்பையும் வாணலியையும் வைத்துக் கரண்டியைக் கையில் கொடுத்தேன். சும்மாவே நாலு சுற்று கிண்டிப் பார்த்துவிட்டு, தோள் தூக்கவே வேண்டாம் போலிருக்கே என்றார்.

கொத்தனார் தம்பிக்கு ஒரு கேள்வி. பழைய கடப்பா கல்லை உடையாமல் எடுக்க முடியுமா? 7 அடிக் கல். கொல்லையில் துவைக்கிற இடத்தில் போட ஆசை.

கும்பகோணம் கொத்தனார்

எடுக்கலாம் அக்கா. சுவருக்குள் கல் இறங்கியிருக்கிற இடத்தில் மேலேயும் கீழேயும் பூச்சைக் கொத்தி முதலில் விடுவிக்க வேண்டும். நெம்பக்கூடாது. நாலு பேர் இரண்டு முனையிலும் நடுவிலும் பிடித்து ஒரே சமயத்தில் தூக்கி, படுக்கவைக்காமல் செங்குத்தாகத் திருப்பித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். டேங்க் மூடிமேல் மட்டும் போட்டுவிடாதீர்கள், அடுத்த முறை கழிவு எடுக்க வரும்போது திறக்க முடியாது.