நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டே நடுவராகவும் இருக்கலாமா? (மாக்ஸ் ஹூபர் பற்றி ஒரு சந்தேகம்)

மூட்கோர்ட் மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். பன்னாட்டுச் சட்டம் படிக்கிறேன். அமெரிக்காவும் நெதர்லாந்தும் ஒரு தீவு யாருக்கு என்று போட்ட பால்மாஸ் தீவு வழக்கின் அவார்டை, அதாவது நடுவர் தீர்ப்பை, முழுதாக வாசித்து முடித்தேன். கீழே கையெழுத்து மாக்ஸ் ஹூபர், தேதி 1928 ஏப்ரல் 4. அப்புறம் பிரான்ஸுக்கும் துருக்கிக்கும் நடந்த லோட்டஸ் கப்பல் வழக்கை எடுத்தால் அங்கேயும் அதே ஹூபர், ஹேக் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தின் தலைவராக. அது 1927 செப்டம்பர் 7. இரண்டுக்கும் நடுவே ஏழு மாதம்தான்.

என் சந்தேகம் இதுதான். அவர் நீதிமன்றத்தில் 1930 வரை இருந்திருக்கிறார். அப்படியென்றால் பதவியில் இருக்கும்போதே வெளியில் நடுவர் வேலையும் பார்த்தாரா? இது அப்போது தப்பில்லையா? இரண்டுமே தீர்ப்பு எழுதுகிற வேலைதானே, பெரிய வித்தியாசம் என்ன இருந்துவிடப் போகிறது என்றும் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சிரஸ்தார்:

வாம்மா. கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

நீதிமன்ற ஊழியனாக ஓய்வு பெற்ற பிறகு, எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த ஒரு நீதிபதி ஐயாவுக்கு ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) வேலைகளில் உதவியாளராகச் சில வருடம் இருந்தேன். அவருடைய முதல் அமர்வு இன்னும் நினைவிருக்கிறது. நீளமான மேசை, இரண்டு பக்கமும் வக்கீல்கள், ஐயா நடுவில். எல்லோரும் ஒரே உயரத்து நாற்காலியில். மதியத்துக்குள் அன்றைய வாதம் முடிந்தது. ஐயா வழக்குக் கட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, பழக்கதோஷத்தில் "அடுத்ததைக் கூப்பிடுங்க" என்றார். அடுத்தது என்று எதுவும் இல்லை! இரண்டு பக்கத்து வக்கீல்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாள்களை அடுக்கினார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நீதிபதிக்கு வழக்கு தானாக வரும், வேண்டாம் என்றாலும் வரும். நடுவருக்கு அவரை நம்பி இரண்டு பேர் கொண்டுவந்து கொடுத்தால்தான் வழக்கு. கொடுத்த வழக்கு முடிந்ததும் அவருடைய அதிகாரமும் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

இப்போது ஹூபருக்கு வருகிறேன். 1874-இல் பிறந்த சுவிஸ்காரர். 1902-இலேயே ஜூரிச்சில் பேராசிரியர். 1907 ஹேக் அமைதி மாநாட்டுக்குத் தன் நாட்டுப் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனவர். நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் 1922-இல் வேலையைத் தொடங்கியபோது முதல் அணி நீதிபதிகளில் ஒருவர். 1925 முதல் 1927 வரை தலைவர். பால்மாஸ் வழக்கை நடுவரிடம் விடுவது என்று அமெரிக்காவும் நெதர்லாந்தும் 1925 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டன. தனி நடுவராக வந்தவர் இவர். ஆமாம், பதவியில் இருக்கும்போதேதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. உலகமே பார்க்கத்தான் நடந்தது.

ஆனால் அந்த ஏழு மாதத்தில் அவர் செய்த இரண்டு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாரம்மா. லோட்டஸில் நீதிபதிகள் பன்னிரண்டு பேர். ஆறுக்கு ஆறு என்று பிரிந்து நின்றார்கள். தலைவரின் முடிவு வாக்கால் துருக்கி ஜெயித்தது. ஹூபர் கைதான் தராசைச் சாய்த்தது, ஆனாலும் வெளியே வந்தது "நீதிமன்றம் தீர்மானிக்கிறது" என்றுதான். பால்மாஸில் அப்படி ஒதுங்க இடமே இல்லை. ஒரே ஆள், ஒரே பேனா. தோற்கிற அரசு அதை வாசித்துவிட்டு "சரி, போகட்டும்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளவைக்கப் படையா இருக்கிறது, தீர்ப்பை நிறைவேற்றும் அமீனாவா இருக்கிறான்? எழுத்து ஒன்றுதான்.

அதனால்தான் அந்த அவார்டு அவ்வளவு பொறுமையாகப் போகிறது. ஏறத்தாழ இரண்டு மைல் நீளம், முக்கால் மைல் அகலம், எழுநூற்றைம்பது பேர் வாழ்ந்த தீவு. அதற்குப் பழைய தாள்களில் வரும் பெயர்களெல்லாம் இதே தீவைத்தான் குறிக்கின்றனவா என்பதையே பக்கம் பக்கமாக ஆராய்கிறார். டச்சுக் கம்பெனி 1677-இல் உள்ளூர் அரசர்களோடு செய்த ஒப்பந்தங்கள், வரி வசூல், கொடியும் அரசு முத்திரையும் கொடுத்தது, 1904 புயலுக்குப் பிறகு போன உதவி என ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். அவசரக்காரர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிக் கொள்கைக்கு ஓடிவிடுவார்கள். நீ ஓடாதே. ஒரு நடுவர் எப்படி நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார் என்பது அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் கேஸ் என்ன? 1898 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை எங்களுக்குக் கொடுத்தது, இரண்டு கோடி டாலரும் கொடுத்தோம், அந்தத் தீவு எல்லைக் கோட்டுக்குள் இருக்கிறது. சரி, 1906-இல் அமெரிக்க ஜெனரல் லியனார்ட் வுட் அங்கே போய் இறங்கினால் டச்சுக் கொடி பறக்கிறது! ஹூபர் சொன்னது நம் நீதிமன்றத்துக் கட்சிக்காரர்களுக்குக்கூடப் புரியும்: ஸ்பெயினிடம் இல்லாத ஒன்றை ஸ்பெயின் எழுதிக்கொடுக்க முடியாது. பத்திரம் ஒருவரிடம், அனுபவம் இன்னொருவரிடம் என்கிற பழைய கதைதான்.

கப்பல் கணக்கு:

சிரஸ்தார் ஐயா, அருமை. லோட்டஸ் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன், என் பிழைப்பே கப்பல் மோதல் இழப்பீட்டுக் கணக்குதான். 1926 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல் லோட்டஸ், துருக்கியின் போஸ்-குர்த் கப்பல்மீது மோதி எட்டுத் துருக்கியர் இறந்தார்கள். லோட்டஸில் அப்போது காவல் பொறுப்பில் இருந்த அதிகாரி தெமோனைத் துருக்கி பிடித்து, 80 நாள் சிறையும் 22 பவுண்டு அபராதமும் விதித்தது. இவ்வளவு சின்ன தண்டனைதான். அது செல்லுமா என்பதில் நீதிமன்றம் சரிபாதியாக உடைந்தது. நீதிபதிகள் ஒருமனதாக முடிவெடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்கலாம். ஹூபரே 1923 விம்பிள்டன் கப்பல் வழக்கில் சக நீதிபதி அன்சிலோட்டியோடு சேர்ந்து மாறுபட்ட கருத்து எழுதியவர்தான்.

எதிர்வாதம்:

"பத்திரம்-அனுபவம்" உதாரணம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தேர்வில் எழுதினால் மார்க் போய்விடும். அடுத்தவன் நிலத்தில் நெடுநாள் இருந்து உரிமையை எடுத்துக்கொண்ட கதை இல்லை இது. தீவை முதலில் கண்டுபிடித்தது மட்டும் கொடுத்தது அரைகுறை உரிமை, அதை நியாயமான காலத்துக்குள் ஆட்சி நடத்தி முழுமையாக்க வேண்டும், ஸ்பெயின் அதைச் செய்யவில்லை என்பதுதான் வாதத்தின் முதுகெலும்பு. உரிமை பிறந்ததைப் பிறந்த காலத்துச் சட்டத்தால் அளக்க வேண்டும், நீடிக்கிறதா என்பதைப் பின்னால் வளர்ந்த சட்டத்தாலும் பார்க்க வேண்டும் என்று அவர் பிரித்தது அதற்காகத்தான்.

அப்புறம், "ஒளிவுமறைவு இல்லை" என்றதோடு விஷயம் முடியவில்லை ஐயா. ஹூபர் இருந்த நீதிமன்றத்தின் இடத்துக்கு வந்த இன்றைய பன்னாட்டு நீதிமன்றத்தின் சட்டத்தில் 16-ஆவது பிரிவு, உறுப்பினர்கள் வேறு தொழில்முறை வேலை எதிலும் ஈடுபடக் கூடாது என்கிறது. அப்படியிருந்தும் பதவியில் இருந்த நீதிபதிகள் பல வருடம் முதலீட்டுத் தகராறுகளில் நடுவர்களாக உட்கார்ந்தார்கள். அரசுக்கு எதிராக ஒரு கம்பெனி தொடுக்கும் வழக்கில் கட்சிக்காரர் தேர்ந்தெடுத்து, கட்டணமும் வாங்குவதென்றால் உறுத்தத்தானே செய்யும்? நீங்களே சொன்னீர்கள், நடுவருக்கு வழக்கு தானாக வராது என்று. யாரோ ஒருவர் மறுபடி கூப்பிட வேண்டும். உறுத்தல் அங்கேதான் இருக்கிறது.

மூட்கோர்ட் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. அப்போ இன்று ஒரு ஹூபர் இருந்தால் பால்மாஸை எடுத்துக்கொள்ள முடியாதா?

பழைய சிரஸ்தார்:

எதிர்வாதம் தம்பி சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். உதாரணத்தில் கொஞ்சம் சறுக்கிவிட்டேன். கட்டணம் பற்றிய உறுத்தலும் நியாயம்தான். என் ஐயா மேசையிலும் அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை அழைத்த அதே கட்சிக்காரரைப் பார்க்கும்போது அவர் முகம் கொஞ்சம் இறுகும். எந்தெந்த வழக்கில் யார் தன்னை நியமித்தது என்று ஒரு தாளில் எழுதி, முதல் அமர்விலேயே எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிடுவார். டைப் அடித்தது நான்.

உன் கேள்விக்கு: முடியும் என்றுதான் நினைக்கிறேன் அம்மா. 2018 அக்டோபரில் பன்னாட்டு நீதிமன்றத்தின் தலைவர் அப்துல்கவி யூசுஃப் ஐ.நா. பொதுச்சபையில் அறிவித்தார்: நீதிபதிகள் இனிப் பொதுவாக நடுவர் வேலை ஏற்க மாட்டார்கள், முதலீடு, வணிகம் இரண்டிலும் அறவே இல்லை. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் உள்ள வழக்கென்றால் மட்டும், விதிவிலக்காக, முன் அனுமதியோடு, ஒரு நேரத்தில் ஒன்று. பால்மாஸ் இரண்டு நாடுகளின் வழக்கு.

அந்த அறிவிப்புக்கு முன்னால் நடந்தது ஒன்றையும் பார். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே சிந்து நதி ஒப்பந்தத்தின் கீழ் வந்த கிஷன்கங்கா அணை வழக்கு, ஏழு பேர் கொண்ட நடுவர் மன்றம். தலைமை ஸ்டீபன் ஷ்வேபெல், பன்னாட்டு நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர். உறுப்பினர்களில் ஒருவர் பீட்டர் டோம்கா. 2013 டிசம்பரில் இறுதி அவார்டு வந்தபோது அவர் அதே பன்னாட்டு நீதிமன்றத்தின் நடப்புத் தலைவர். அணைக்குக் கீழே ஆற்றில் நொடிக்கு 9 கன மீட்டர் தண்ணீராவது ஓட வேண்டும் என்று எழுதினார்கள். அதையும் எடுத்து வாசி. ஏழு பேர் சேர்ந்து எழுதிய நடை, ஹூபர் தனியாக எழுதிய நடை. முதல் பத்துப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.