மத்தியானத்தில் மட்டும் வந்த ஷார்ட்

நண்பரின் எச்ஓ (1:87 அளவு) மாடல் ரயில் லேஅவுட் மொட்டை மாடி அறையில் இருக்கிறது, டிசிசியில் (தண்டவாளம் வழியே டிஜிட்டல் சிக்னல் அனுப்பி இன்ஜின்களை இயக்கும் முறை) ஓடுகிறது. கோடை தொடங்கியதும் ஒரு விசித்திரத் தொந்தரவு. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். மத்தியானம் ரிவர்ஸ் லூப்புக்குள் (வண்டி சுற்றி வந்து அதே லைனில் எதிர்த்திசையில் திரும்பும் வளையம்) போன வண்டி, வெளியேறும் முனையில் சக்கரம் பட்டதும் நின்றுவிடும். லூப்பின் போலாரிட்டியைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும், அப்புறம் தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் பூஸ்டர் ட்ரிப் ஆகும், அதாவது ஷார்ட் என்று தன்னை அணைத்துக்கொள்ளும். சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும்!

ரிவர்சர் போய்விட்டது என்று புதிதாக வாங்கக் கிளம்பினார். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, தொந்தரவு வரும் வெயில் நேரத்திலேயே போனேன். பவரை அணைத்து, இன்ஜின்களையும் லைட் உள்ள பெட்டிகளையும் எடுத்துவிட்டு, லூப்புக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் ரிவர்சரிலிருந்து கழற்றினோம். இனி லூப்புக்கும் மெயின் லைனுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. லூப்பைப் பிரிக்க இரு முனைகளிலும் தண்டவாளத்தில் வெட்டிய நான்கு இடைவெளிகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், நுழையும் முனையில் ஒரு தண்டவாளத்தில் பீப், அதாவது அங்கே தொடர்பு இருக்கிறது.

அந்த இடைவெளியை வெட்டி, எதுவும் அடைக்காமல் விட்டிருந்தார்கள். 3 மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் நீளும். வெட்டு மூடிக்கொள்ள அது போதும். வண்டி நுழையும்போது இருபக்கமும் ஒரே போலாரிட்டி, அதனால் தெரியாது. வெளியேறுவதற்காக ரிவர்சர் மாற்றினால் மூடிய வெட்டில் ஷார்ட். திரும்ப மாற்றினால் வெளியேறும் முனையில் ஷார்ட். பாவம், ரிவர்சர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

மறுபடி வெட்டி, பிளாஸ்டிக் துண்டைச் சொருகி ஒட்டி, அரம் போட்டோம். மே வெயிலிலும் பிரச்சினை இல்லை.

—

பதில் 1: உங்கள் நண்பரின் பூஸ்டராவது ட்ரிப் ஆனது! எங்கள் கிளப்பில் கடைக்கோடியில் ஒரு பெட்டி தடம் புரண்டது, ட்ரிப் ஆகவே இல்லை. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்துதான் பார்த்தோம், போகி (பெட்டியின் அடியில் உள்ள சக்கரச் சட்டம்) உருகியிருந்தது. அடியில் ஓடிய ஒயர் மெலிசு. அதன் ரெசிஸ்டன்ஸே கரண்டைக் குறைத்ததால் பூஸ்டருக்கு ஷார்ட் என்றே தெரியவில்லை. இப்போது தடிமனான பஸ் ஒயர் (லேஅவுட் முழுக்கக் கரண்ட் கொண்டுபோகும் முக்கிய ஒயர்), ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு ஃபீடர் (அதிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் ஒயர்). ஒரு காசைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தால் எந்த மூலையிலும் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் வண்டி ஓட்டுவதில்லை.

—

பதில் 2: காசு வைக்கிறவர்கள் சட்டென்று எடுத்துவிடுங்கள், ட்ரிப் ஆகாவிட்டால் காசு சுடும். வெட்டை அடைக்க அரால்டைட் பசையும் போதும், காய்ந்தபின் பெயின்ட் அடித்தால் கண்ணுக்கே தெரியாது.