14 இஞ்ச் கட்டிங் மெஷினுக்கு எந்த வீல் கட்டுபடியாகும்?

திருமங்கலம் கேட் பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கம் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கிரில், மாட்டுக்கொட்டகை ஷெட், எப்போதாவது மாடிப்படிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி. இருப்பது சாதாரண 14 இஞ்ச் கட்டிங் மெஷின். 2200 வாட், 3800 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3800 சுற்று). அதிகம் அறுப்பது 40-க்கு 40 ஸ்கொயர் பைப், கனம் 2 எம்.எம். அடுத்தது 50-க்கு 50 ஆங்கிள், கனம் 6 எம்.எம்.

வீல், அதாவது இரும்பை உரசி அறுக்கும் வட்டு, வாங்கி மாளவில்லை. விலை குறைந்த வீல் சீக்கிரம் கரைகிறது, விலை கூடின வீல் அறுக்கவே மாட்டேன் என்கிறது. மதுரை மாரட் வீதியில் ஒரு கடையில் கேட்டால், பல் வைத்த கார்பைடு பிளேடைக் காட்டி, "இதைப் போட்டால் வருஷம் முழுக்க வீல் பக்கமே வர வேண்டாம்" என்கிறார்கள். மச்சான் டைமண்ட் பிளேடு வாங்கச் சொல்கிறார். கையைக் கடிக்காமல் நாள்பட உழைப்பது எது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கப்பலூர் ஃபேப்ரிகேட்டர்

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் கார்பைடு பிளேடை உங்கள் மெஷினில் மாட்டவே கூடாது. பிளேடின் முகத்திலேயே அதிகபட்ச ஆர்.பி.எம். அச்சடித்திருக்கும், கடையில் அதைப் படித்துப் பாருங்கள். இரும்பு அறுக்கும் கார்பைடு பிளேடு 1300 முதல் 1500 ஆர்.பி.எம். வரை ஓடுகிற, இரும்பைச் சூடேற்றாமல் அறுக்கிற கோல்டு கட் மெஷினுக்காகச் செய்தது. உங்களுடையது 3800. அந்த வேகத்தில் பல் சூடேறி, பல்லை ஒட்டியிருக்கும் பிரேசிங் விட்டுத் தெறிக்கும். தெறிக்கிற பல் துணியில் நிற்காது. நடுத்துளை 25.4 எம்.எம். என்று வீல், பிளேடு இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் மாட்டினால் உட்கார்ந்துவிடும், ஆபத்தே அதுதான்.

ஆனால் கார்பைடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெஷினையே மாற்றுங்கள் என்கிறேன். வீல் செலவை மட்டும் பார்க்கிறீர்கள். வீலில் அறுத்த பைப்பின் ஓரத்தில் பிசிறு நிற்கும், அதைத் தட்டி கிரைண்டர் பிடிக்க ஒரு ஆள். 45 டிகிரி மூலை அறுக்கும்போது வீல் வளைந்து கொடுக்கும். இரண்டு பைப்பையும் சேர்த்து வைத்தால் உள்மூலை ஒட்டியிருக்கும், வெளிமூலையில் வெல்டிங் ராடு நுழைகிற அளவு இடைவெளி. அதை ராடு வைத்து நிரப்பி, மறுபடி கிரைண்டர் அடித்து, பட்டி பார்த்துப் பெயிண்ட். கோல்டு கட்டில் அறுத்த துண்டைக் கையில் எடுக்கலாம், வெதுவெதுப்புதான் இருக்கும். மூலை தானாக உட்காரும். பிளேடு மழுங்கினால் கோயம்புத்தூருக்கு அனுப்பித் தீட்டி வாங்குகிறோம்.

மேலூர் இரும்புப் பட்டறை

அண்ணே, உங்கள் கணக்கு உங்களுக்குச் சரி. நீங்கள் ஒரே அளவு புது பைப்பை நாள் முழுக்க அறுக்கிறவர்கள். எங்கள் பட்டறைக்கு என்ன வருகிறது? காலையில் டிராக்டர் கலப்பைக் கொழு, மத்தியானம் பழைய ஷெட்டில் கழற்றிய துருப்பிடித்த ஆங்கிள், சாயங்காலம் ஒருவர் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொண்டுவந்து "இதில் ரெண்டு துண்டு போட்டுக் கொடுங்கண்ணே" என்பார். கார்பைடு பல் அந்தப் பட்டையில் ஒரு தடவை உட்கார்ந்தால் முடிந்தது, பிளேடுக்குக் கொடுத்த சில ஆயிரம் போச்சு. துண்டு வைஸ் பிடியில் துளி ஆடினாலும் பல் உடையும். பழைய பைப்பில் வெல்டிங் கட்டி இருந்தாலும் உடையும். பட்டறையில் வேலை பழகுகிற பையனிடம் அதைக் கொடுக்க முடியுமா?

வீல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். துரு, வெல்டிங், கெட்டி இரும்பு எது வந்தாலும் அறுக்கும். போனால் இருநூறு ரூபாயைச் சுற்றிப் போகிறது. தம்பி, மெஷினை மாற்றாதீர்கள், வீலைப் பார்த்து வாங்குங்கள்.

புதூர் டூல்ரூம்

இரண்டு பேரும் பிளேடைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டவர் சொன்னதில் ஒரு குறிப்பு இருக்கிறது: மலிவு வீல் கரைகிறது, விலை கூடினது அறுக்கவில்லை. இது விலை சம்பந்தப்பட்டதே அல்ல, கிரேடு சம்பந்தப்பட்டது.

வீல் லேபிளில் ஏ 30 ஆர் பி.எஃப். என்பதுபோல ஒரு குறி இருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு மணல். 30 என்பது மணலின் பருமன், எண் ஏற ஏற மணல் நைசாகும். அடுத்த எழுத்துதான் உங்கள் பணம். மணலைப் பிடித்திருக்கும் ரெசின் எவ்வளவு இறுக்கம் என்பதை அது சொல்லும், ஏ-யிலிருந்து இசட் வரை போகப்போகக் கெட்டி. பி.எஃப். என்றால் ரெசின், உள்ளே ஃபைபர் வலை.

மழுங்கின மணல் உதிர்ந்து புது மணல் வெளியே வந்தால்தான் வீல் அறுக்கும். கெட்டி வீலைக் கனத்த இரும்பில் வைத்தால் மணல் மழுங்கியும் உதிராது. விளிம்பு கண்ணாடிபோல வழுவழுப்பாகும், பொறி குறையும், அறுத்த முகம் நீலம் பாயும். மெல்லிய பைப்புக்கு அதே கெட்டி வீல் நன்றாக உழைக்கும், ஏனென்றால் மெல்லிய சுவரே மணலைக் கீறி உதிர்க்கும். நீங்கள் 2 எம்.எம். பைப்பும் 6 எம்.எம். ஆங்கிளும் ஒரே வீலில் அறுக்கிறீர்கள். ஆங்கிளில் உங்கள் வெட்டு முகம் நீலமாகிறதா? கரண்ட் எப்படி? எக்ஸ்டென்ஷன் ஒயர் என்ன கனம்?

திருமங்கலம் கேட் பட்டறை

ஆமாம் சார், விலை கூடின வீலில் ஆங்கிள் அறுத்தால் ஓரம் நீலமாகத்தான் இருக்கிறது. பைப்பில் அப்படி இல்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், மெஷின் சத்தமே மாறும். ஒயர் வீட்டுக்கு இழுக்கிற சாதாரண ஒயர்தான், நீளமாக வாசல் வரை இழுத்திருக்கிறேன்.

புதூர் டூல்ரூம்

அப்படியானால் வீலுக்குச் செலவழிக்கும் முன் ஒயரை மாற்றுங்கள். 2200 வாட் என்றால் கிட்டத்தட்ட 10 ஆம்பியர். நீளமான மெல்லிய ஒயரிலேயே வோல்டேஜ் போய்விடும். இந்த மெஷின்களில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், வோல்டேஜ் இறங்கினால் வேகமும் இறங்கும். வேகம் இறங்கினால் ஒவ்வொரு மணலும் கூடுதலாகக் கடிக்க வேண்டிவரும், சீக்கிரம் பிய்ந்து போகும். வீல் மெத்தென்று ஆனதுபோல நடக்கும். 2.5 சதுர எம்.எம். காப்பர் ஒயர், முடிந்தவரை குட்டையாக.

இதே விஷயம் வீல் தேயும்போதும் நடக்கும். 14 இஞ்ச் வீல் 3800-இல் ஓடும்போது விளிம்பு நொடிக்கு சுமார் 70 மீட்டர் போகும். 10 இஞ்ச் ஆகிவிட்டால் அதே மோட்டாரில் 50 மீட்டர்தான். அதனால்தான் கடைசியில் கண்முன்னே கரைகிறது. "பாதி வீலைத் தூக்கிப் போடுகிறோமே" என்று பலர் வருத்தப்படுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14-இலிருந்து 12-க்குத் தேய்வதில் போகிற மணல், 12-இலிருந்து 10-க்குப் போவதைவிட அதிகம். 14-இன் வர்க்கம் 196, 12-க்கு 144, 10-க்கு 100. முதல் பங்கு 52, அடுத்தது 44. உழைப்பில் பெரும்பகுதி வெளி வட்டத்திலேயே முடிந்துவிடுகிறது.

அலங்காநல்லூர் வெல்டர்

அந்த மிச்சத்தை நான் வீணாக்குவதில்லை. 9 இஞ்ச் ஆனதும் துளையைச் சின்னதாக்க புஷ் (வளையம்) போட்டு 7 இஞ்ச் கை கிரைண்டரில் மாட்டிக்கொள்கிறேன். நன்றாகத்தான் அறுக்கிறது.

மேலூர் இரும்புப் பட்டறை

அண்ணே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். 7 இஞ்ச் கிரைண்டரில் 9 இஞ்ச் வீல் போக வேண்டுமானால் கார்டை (வீலை மூடும் பாதுகாப்புத் தகட்டை) கழற்றினால்தான் போகும். முகத்துக்கு நேரே கார்டு இல்லாமல் ஓட்டுகிறீர்கள்.

புதூர் டூல்ரூம்

அதோடு வேகத்தையும் பாருங்கள். 14 இஞ்ச் வீல் பெரும்பாலும் நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்கும்படி செய்தது. 7 இஞ்ச் கிரைண்டர் 8500 ஆர்.பி.எம். ஓடும். அதில் 9 இஞ்ச் வீல் விளிம்பு நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். கிரைண்டர் ஸ்பிண்டிலுக்கு வேண்டிய துளை 22.23 எம்.எம்., இதில் 25.4. புஷ் மையம் தவறினால் அதிர்வு வேறு. இதுவரை உடையவில்லை என்பது இனிமேல் உடையாது என்பதற்குச் சாட்சி ஆகாது. நான் இதில் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

அலங்காநல்லூர் வெல்டர்

வேகக் கணக்கை நான் யோசித்ததில்லை. சரி, கழற்றிவிடுகிறேன்.

வாடிப்பட்டி ஷெட் ஒர்க்ஸ்

டைமண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் சைட்டில் அதைத்தான் ஓட்டுகிறேன். இரும்பு அறுக்க என்று விற்கிற வேக்குவம் பிரேசிங் பிளேடு, ஓரத்தில் மட்டும் டைமண்ட் தூள், நடுவில் ஸ்டீல் தட்டு. சாதாரண மெஷினிலேயே போகும், ஆர்.பி.எம். மட்டும் பார்த்து வாங்க வேண்டும். தேய்ந்து சின்னதாகாது, காலையில் வைத்த அளவே சாயங்காலமும். உடைந்து சிதறும் பயம் இல்லை. அந்த ரெசின் நாற்றமும் கறுப்புத் தூசியும் குறைவு. ஷெட் மேலே நின்று வேலை பார்க்கும்போது வீல் மாற்ற இறங்க வேண்டாம்.

புதூர் டூல்ரூம்

உடையாது, சுருங்காது, இரண்டும் உண்மை. ஆனால் டைமண்ட் என்பது கார்பன். இரும்பு நன்றாகச் சூடேறினால் கார்பனைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் சிமெண்ட், கல், டைல்ஸில் டைமண்ட் உழைக்கிற உழைப்பு இரும்பில் வராது. நிறுத்தி நிறுத்தி, சூடேறவிடாமல் அறுத்தால் நாள்படும். 6 எம்.எம். ஆங்கிளை அவசரத்தில் அழுத்தினால் ஓரம் மொட்டையாகும். அது ஒரே ஒரு அடுக்கு, உள்ளே வேறு டைமண்ட் இல்லை. வீலை உரசிக் கூராக்குவதுபோல இதைக் கூராக்கவும் முடியாது. அறுக்கும் வேகமும் வீலைவிடக் குறைவு. சைட் வேலைக்கு நல்லது, கேட் பட்டறையில் நாள் முழுக்க ஓட்ட எனக்குச் சம்மதமில்லை.

வாடிப்பட்டி ஷெட் ஒர்க்ஸ்

வேகம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீல் உடைந்து ஒரு ஆளுக்கு அடிபட்டால் அந்த மாதம் சம்பாதித்தது ஆஸ்பத்திரிக்கே போகும். அதை எந்த விலையில் எழுதுவீர்கள்?

மேலூர் இரும்புப் பட்டறை

வீல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. வாங்கும்போது நடு இரும்பு வளையத்தைப் பாருங்கள், மாதமும் வருஷமும் அடித்திருக்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 12413 இந்த ரெசின் வீலுக்குச் செய்த நாளிலிருந்து 3 வருஷம்தான் ஆயுள் என்கிறது. ரெசினுக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி மழையில் பட்டறைத் தரையில் சுவரோரம் சாய்த்து வைத்த வீலை நான் தொடமாட்டேன். சமதளத்தில் படுக்கவைத்து, ஈரம் படாத அலமாரியில் அடுக்க வேண்டும். சலுகை விலையில் மொத்தமாக வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தேதியைப் பார்க்கட்டும், தேதி முடியப்போகிற சரக்கைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. பேர் இல்லாத வீல் வேண்டாம். நம் சென்னையிலேயே 1954-இல் ஆரம்பித்த கார்போரண்டம் யுனிவர்சல் இருக்கிறது, மும்பையில் கிரைண்ட்வெல் நார்டன் இருக்கிறது, கிரேடு எழுதித் தருகிறார்கள்.

அப்புறம் துண்டை வைக்கும் விதம். ஆங்கிளை ஒரு தட்டு படுத்தும் ஒரு தட்டு நின்றும் வைத்து அறுக்காதீர்கள். வீல் கீழே போகப் போக 50 எம்.எம். அகலத்தையும் ஒரே நேரத்தில் தேய்க்கும். மூக்கு (இரண்டு தட்டும் சேர்கிற மூலை) மேலே வரும்படி கவிழ்த்து, இரண்டு கால்களும் கீழே நிற்க வைஸில் இறுக்குங்கள். எந்த நேரமும் வீலில் படுவது கொஞ்சம்தான். பட்டைக் கம்பியை நிறுத்தி அறுங்கள், படுக்கவைத்து அல்ல. தொடும்போது மெதுவாக, பிடித்தபின் ஒரே அழுத்தம். ரொம்பப் பயந்து தொட்டுத் தொட்டு எடுத்தாலும் வீல் வழுவழுப்பாகிவிடும்.

கப்பலூர் ஃபேப்ரிகேட்டர்

இவ்வளவு பார்த்துப் பார்த்து வீலைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, பிசிறு மட்டும் போகவே போகாது! மேலூர்க்காரர் சொன்ன ஸ்பிரிங் பட்டைக்கு வீல்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தம்பிக்கு வருவது பெரும்பாலும் புது பைப். 2 எம்.எம். சுவருக்குக் கார்பைடு பிளேடில் 66 பல் வேண்டாம், 80 பல் பக்கம் வாங்கினால் பல் ஒவ்வொன்றும் கொஞ்சமாகக் கடிக்கும், சுவரில் மாட்டி உடையாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் அந்தத் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வருவதும் இதில் மிகக் குறைவு. அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பது யார்? நம்மிடம் வேலை செய்கிற பையன்கள்தான். அறுக்க ஒரு ரூபாய் என்றால் அறுத்ததைச் சரிசெய்ய எத்தனை ரூபாய் என்று ஒரு கேட்டுக்காவது எழுதிப் பாருங்கள்.

மேலூர் இரும்புப் பட்டறை

எழுதலாம் அண்ணே, ஆனால் மெஷின் விலையையும் அதே தாளில் எழுதுங்கள். கோல்டு கட் மெஷினுக்குப் போடுகிற பணம் மாதத்துக்கு நாலைந்து கேட் செய்கிறவருக்கு எப்போது திரும்பும்? எனக்கு அது திரும்பாது.

புதூர் டூல்ரூம்

எஸ்.எஸ். கைப்பிடி பற்றி ஒன்று, மறந்துபோகும் முன். அதற்குத் தனி வீல் வேண்டும், லேபிளில் ஐனாக்ஸ் என்று போட்டிருக்கும். இரும்பு, கந்தகம், குளோரின் கலக்காமல் செய்தது. சாதாரண இரும்பு அறுத்த வீலையே எஸ்.எஸ்-இல் வைத்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, வெட்டின இடத்தில் கொஞ்ச நாளில் துரு காட்டும். வீட்டுக்காரர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார். அலுமினியத்தை இந்த வீலில் வைக்கவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

திருமங்கலம் கேட் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. நாளைக்கே ஒயரை மாற்றுகிறேன். பைப்புக்குக் கெட்டி கிரேடு, ஆங்கிளுக்கு ஒரு எழுத்து இளகினது என்று இரண்டு வீல் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். எஸ்.எஸ்-க்கு மூன்றாவது. டைமண்ட் இப்போதைக்கு இல்லை, மச்சானிடம் காரணத்தைச் சொல்லிவிடலாம். கப்பலூர் அண்ணே, மெஷின் வாங்குகிற நிலையில் இல்லை, ஆனால் மூலை இடைவெளி நீங்கள் சொன்னபடிதான் எனக்கும் வருகிறது. உங்கள் மெஷினில் என் பைப்பை அறுத்துப் பார்க்க முடியுமா?

கப்பலூர் ஃபேப்ரிகேட்டர்

தாராளமாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். ஒரு கேட்டுக்கு வேண்டிய பைப் முழுவதையும் கொண்டுவாருங்கள், 45 டிகிரி போட்டுத் தருகிறேன். உங்கள் பட்டறையில் வைத்துப் பொருத்தி, கிரைண்டர் நேரம் எவ்வளவு குறைகிறது என்று இங்கேயே எழுதுங்கள். மாதத்துக்கு நாலு கேட் என்றால் என்னிடமே அறுத்துக்கொண்டு போகலாம், கூலி பேசிக்கொள்வோம்.

மேலூர் இரும்புப் பட்டறை

அது நல்ல யோசனை அண்ணே, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். தம்பி, அந்தக் கூலியையும் திருமங்கலத்திலிருந்து பைப் ஏற்றிப் போகிற வண்டி வாடகையையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே உங்கள் வீலில் அறுத்த ஒரு மூலையையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள், புது ஒயரில், கவிழ்த்து வைத்து அறுத்தது.