புதுப்பிப்பு: மெட்ரோவில் கிளம்பி சூரிச் வந்து சேர்ந்தோம்

25ஆவது கல்யாண நாளுக்கு சுவிட்சர்லாந்து போகிறோம், தண்டையார்பேட்டையிலிருந்து விமான நிலையத்துக்குப் பெட்டிகளோடு மெட்ரோ சரிப்படுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரிப்பட்டது. நீல வழித்தடம் நேராகவே போவதால் எங்கும் மாறத் தேவையில்லை. ஸ்டேஷன் வரை வர ஆட்டோக்காரரோடு பேரம் பேசியதுதான் பெரும்பாடு.

சோதனையில் மாட்டியது மாவடு. கைப்பையில் ஊறுகாய் விடமாட்டார்கள் என்று மனைவியிடம் சொன்னேன், அவள் கேட்கவில்லை. பாட்டில் குப்பைக்குப் போனதும் துபாய் வரை நாலு மணி நேரம் பேச்சே இல்லை. அங்கே கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வைத்தபோது, “அந்தச் சண்டையும் அழிஞ்சிடுச்சா?” என்றேன். சிரித்துவிட்டாள்.

அப்புறம் சூரிச் வரை என் தோளில்தான் தூக்கம். எனக்குத்தான் கால் வீங்கி ஷூவே நுழையவில்லை. நாளை லூசர்னுக்கு ரயில்.