சாக்கடையை நிறுத்தியும் ஏரியில் பாசி: வண்டலிலிருந்து பாஸ்பரஸ் வருகிறதா?

ஏரிக்கரை:
வணக்கம். சராசரி ஆழம் 2 மீட்டர் உள்ள ஏரி. சாக்கடை வரத்தை மறித்து இரண்டு வருடம் ஆகியும் கோடையில் நீலப்பச்சைப் பாசி மூடிவிடுகிறது. வண்டல்தான் காரணமா? தூர்வாரும் முன் அதை அளந்து பார்க்க முடியுமா?

வண்டல்மண்:
முடியும். சாக்கடையோடு வந்து சேர்ந்த பாஸ்பேட்டில் (பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் வடிவம்) பெரும்பங்கு வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடக்கும். மேல்வண்டலில் ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு கரைந்து, பாஸ்பேட் விடுபட்டு மேலே ஏறும். 1941-42லேயே ஏரி ஆய்வாளர் மார்ட்டிமர் இதை இங்கிலாந்து ஏரிகளில் காட்டினார். முதலில் விடியுமுன் அடிநீரில் ஆக்சிஜன் அளங்கள். பகலில் பாசியே ஆக்சிஜன் விடுவதால் அப்போதைய அளவு ஏமாற்றும்.

பிறகு 7 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் குழாய்களில் வண்டலைக் கலங்காமல் எடுங்கள். மேலே 30 செ.மீ. ஏரிநீர் நிற்கட்டும். இருட்டில், ஏரியின் வெப்பநிலையில், பாதிக் குழாய்களில் காற்றும் மீதியில் (ஆக்சிஜனை வெளியேற்ற) நைட்ரஜனும் வண்டல் கலங்காதபடி மெதுவாகக் குமிழவிட்டு, தினமும் மாதிரி எடுத்து 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து பாஸ்பரஸ் அளங்கள். நாளுக்கு லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் ஏறினால், சதுர மீட்டருக்கு 6 மில்லிகிராம் வெளியேறுகிறது.

கணக்குப்பிள்ளை:
குழாய்ச் சோதனையைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வண்டலில் 1 செ.மீ. ஆழத்து இடுக்குநீரில் (வண்டல் துகள்களுக்கு இடையிலுள்ள நீர்) பாஸ்பரஸ் லிட்டருக்கு 2 மில்லிகிராம், மேல்நீரில் 0.1, நுண்துளைமை (வண்டலில் நீர் நிறைந்த இடத்தின் பங்கு) 0.9 என்றால், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவதைக் கணக்கிடும் ஃபிக் விதிப்படி நாளொன்றுக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 8.6 மில்லிகிராம். 2 மீட்டர் நீரில் ஒரு மாதத்தில் லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் கூடும். பாசிக்கு அது தாராளம். காற்றடித்துச் சகதி கலங்குவதும் புழு துளைப்பதும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றால் அளவு கூடவும் செய்யும்.

நீர்ச்சோதனை:
பலரும் சறுக்குவது இடுக்குநீரை வடிக்கும்போதுதான். காற்றுப் பட்ட சில நிமிடத்தில் கரைந்த இரும்பு செம்பழுப்பாகப் படியும். பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு இறங்கும். நீங்கள் அளப்பது உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். நைட்ரஜன் நிரப்பிய உறைக்குள் வடித்து, உடனே அமிலம் சேருங்கள்.

பாசி பூத்த மதியத்தில் நீரின் பிஹெச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு) பாருங்கள். 9ஐத் தாண்டினால், ஆக்சிஜன் இருந்தாலும் துரு பாஸ்பேட்டை விட்டுவிடும். அந்த நிலையில், பாஸ்பேட்டைக் கட்டிப்போட ஏரியில் போடும் படிகாரமும் அதைப் பிடித்து வைக்காது.

வண்டல்மண்:
தூர்வாருவதானால், வண்டலில் 5 செ.மீ.க்கு ஒன்றாக அடிவரை பாஸ்பரஸ் அளந்துவிட்டுத் தூர்வாருங்கள். மேல்படிவத்தை மட்டும் எடுத்து, அதைவிட வளமான பழைய சாக்கடைப் படிவத்தைத் திறந்துவிட்டால் செலவு வீண்.