பேரோல் (சம்பளக் கணக்கு) வேலையை வெளியே கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: மிச்சம் எவ்வளவு, போனது எவ்வளவு?

அரசூர் ஃபவுண்டரி:

எங்களுடையது 140 பேர் வேலை பார்க்கும் வார்ப்படத் தொழிற்சாலை. சம்பளம் போட்டுக்கொண்டிருந்த கணக்கர் ஓய்வு பெற்றதும் சின்ன முதலாளி பேரோலை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். ஆளுக்கு மாதம் 90 ரூபாய். 12,600 ஆகிறது, ஜி.எஸ்.டி சேர்த்தால் 14,868. கணக்கருக்குக் கொடுத்தது 26,000. யாரும் எதிர்த்துப் பேசவில்லை, நான் உட்பட.

ஜூலையில் இன்க்ரிமென்ட். மோல்டிங் செக்‌ஷனில் சிலருக்குச் சம்பளம், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐயின் வரம்பான 21,000ஐத் தாண்டியது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். போனில் வரும் பே ஸ்லிப்பை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்துப் பிரிண்ட் எடுத்திருந்தார். ஜூன் மாதத்தையும் ஜூலை மாதத்தையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சம்பளம் ஏத்தினீங்க, சரிங்க சார். ஈ.எஸ்.ஐ பிடித்தத்தைக் காணமுங்களே? அப்பாவுக்கு மாசாமாசம் சுகர் மாத்திரை அங்கதானுங்க வாங்குறேன்." அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மோல்டிங் கரி அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தத் தாள் இன்னும் ஃபைலில் இருக்கிறது.

ஈ.எஸ்.ஐயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், நடுவில் 21,000 தாண்டினாலும் செப்டம்பர் முடியும்வரை பிடித்தாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். மென்பொருளுக்குத் தெரியவில்லை. தாண்டிய மாதமே நிறுத்திவிட்டது. விட்டுப்போன மாதத்தின் தொழிலாளி பங்கை அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கவும் சட்டம் விடாது. 21,600 வாங்குகிறவருக்கு 162, எங்கள் பங்கு 702, ஆக ஆளுக்கு மாதம் 864. முழுதும் கம்பெனி தலையில், வட்டியோடு. என் புகாருக்கு வெண்டரிடமிருந்து, அதாவது அந்தப் பேரோல் கம்பெனியிடமிருந்து, வந்த ஒரே பதில்: "உங்கள் டிக்கெட் முடித்துவைக்கப்பட்டது."

வேடசந்தூர் டைம் ஆபீஸ்:

உங்களுக்கு ஈ.எஸ்.ஐ, எங்களுக்கு நைட் ஷிஃப்ட். ஸ்பின்னிங் மில். இரவு 11 மணிக்கு உள்ளே, காலை 7 மணிக்கு வெளியே. மாதக் கடைசி இரவென்றால் உள்ளே போன பஞ்ச் (மெஷினில் வைக்கும் வருகைப் பதிவு) 31ஆம் தேதி, வெளியே வந்த பஞ்ச் 1ஆம் தேதி. மென்பொருள் இரண்டு நாளையும் "பஞ்ச் இல்லை" என்று போட்டு இரண்டு நாளுக்கும் சம்பளத்தைப் பிடித்துவிட்டது. வைண்டிங்கில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் தலையில் பஞ்சோடு நேரே வந்து நின்றார். "ராத்திரி பூரா நான் மெஷின்கிட்ட நின்னேன். உங்க மெஷின் நான் வரவேயில்லைன்னு சொல்லுதா தம்பி?" எனக்குப் பதில் வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முன்பெல்லாம் மேஸ்திரி யாருக்கு எழுதுகிறாரோ அவருக்குத்தான் ஓ.டி, அதாவது கூடுதல் நேரச் சம்பளம். தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு எத்தனை சேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்ச் கணக்கு வந்ததும் அது நின்றது. அந்த அக்காவே இப்போது போனில் தன் ஓ.டி மணியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

கிண்டி பேரோல் டீம்:

எதற்கெடுத்தாலும் வெண்டர் தலையில் போடுகிறீர்கள். நான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். அரசூர் அண்ணா, தொடக்கத்தில் நீங்கள் பூர்த்தி செய்து கொடுத்த செட்டப் ஷீட்டில் பங்களிப்புக் காலம் பற்றி ஒரு வரி இருந்ததா? இருந்திருக்காது. "வழக்கம்போல் போடுங்கள்" என்றுதான் இருந்திருக்கும்.

எங்களுக்கு இன்புட், அதாவது அந்த மாத வருகை விவரம், வர வேண்டிய கடைசித் தேதி 25. ஒரு கிளையன்ட் 30ஆம் தேதி இரவு வாட்ஸாப்பில் வருகைப் பதிவேட்டை போட்டோ எடுத்து அனுப்பினார். பக்கத்தின் மேல் டீ டம்ளர். டம்ளருக்கு அடியில் நான்கு பேரின் வருகை. போன் போட்டால் எடுக்கவில்லை. காலையில் எடுத்து, "அந்த நாலு பேருக்கும் ஃபுல்லா போட்டுடுங்க, பார்த்துக்கலாம்" என்றார். அதில் ஒருவர் அந்த மாதம் பாதியிலேயே வேலையை விட்டவர். அடுத்த மாதம் மெயிலில் "உங்கள் டீமின் கவனக்குறைவு" என்று எழுதினார். அந்த போட்டோவை நான் அழிக்கவில்லை.

ஓசூர்:

எங்களுக்கு வந்தது பெங்களூரில் செட்டப் செய்த மென்பொருள். தொழில்வரி மாதம் 200 வீதம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அது கர்நாடகக் கணக்கு. இங்கே அரையாண்டுக்கு ஒருமுறை, மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும், உச்சமே அரையாண்டுக்கு 1,250. வேலை ஓசூரில், வீடு அத்திப்பள்ளியில் இருக்கும் பையன் ஒருவன், "எனக்கு மட்டும் 200 சரிதானே சார்?" என்று கேட்டான். அதுவும் இல்லை. வேலை எங்கேயோ வரி அங்கே. பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கவே மூன்று மாதச் சம்பளம் ஆயிற்று.

ஆடிட்டர் ஆபீஸ், மதுரை:

அரசூர் நண்பரே, ஜி.எஸ்.டியைச் செலவில் சேர்க்காதீர்கள். உற்பத்தித் தொழிற்சாலைதானே, இன்புட் கிரெடிட் எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டியில் இதைக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் ஒப்பீட்டில் 2,268 அங்கேயே போய்விட்டது.

என் அனுபவம் சின்னது. ஒரு கிளையன்டின் வெண்டர் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) சலானை, கட்ட வேண்டிய கடைசி நாளான 15ஆம் தேதி மாலை தயார் செய்து அனுப்பினார். முதலாளி திருப்பதி மலையில். ஓ.டி.பி அவர் போனுக்குத்தான் போகும். பணம் 17ஆம் தேதி கட்டினார்கள். அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. பி.எஃப் தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் மாதம் 1 சதவீதம் அபராதம். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஆகவே ஒப்பந்தத்தில் சலான் 10ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள், அவர்கள் தவறால் வரும் வட்டி அபராதம் அவர்களுடையது என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போட மறுப்பார்கள். விடாதீர்கள்.

அப்புறம் விலை. ஆளுக்கு 90 என்பது வாசலில் வைக்கிற போர்டு. மினிமம் பில்லிங் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். வருடாந்திர வரிப்பிடித்தச் சான்றிதழுக்குத் தனி, வேலையை விட்டவரின் கணக்கு முடிப்புக்குத் தனி, மாதம் முடிந்தபின் ஒரு திருத்தம் என்றால் தனி. முதல் வருட பில்லை எல்லாம் கூட்டி 12ஆல் வகுத்துப் பாருங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பள பாக்கி போய்ச் சேர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பேரோல் ஓட்டும் வெண்டரால் இது முடியுமா என்று இன்றே மெயில் போடுங்கள்.

முக்கியமானது, பிரியும்போது டேட்டாவை எந்த வடிவில் தருவார்கள்? பி.டி.எஃப் பே ஸ்லிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடக் கணக்கை உட்கார்ந்து கையால் எக்செலில் ஏற்ற யார் இருக்கிறார்கள்?

அம்பத்தூர்:

இங்கே எல்லோரும் சம்பளம் போடுகிறவர்கள். நான் வாங்குகிறவள். எனக்கு இனிஷியலும் பெயரும்தான். மென்பொருளில் கடைசிப் பெயர் கட்டாயம் என்றிருக்கிறது. டேட்டா ஏற்றியவர் என் பெயரையே இரண்டு முறை அடித்துவிட்டார். பே ஸ்லிப்பில் பார்த்துச் சிரித்தோம், கேன்டீனில் ஒரு வாரம் என்னை அப்படியே கூப்பிட்டார்கள். அதே பெயர் பி.எஃபுக்கும் போயிருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஆதாரில் இனிஷியல் விரித்து அப்பா பெயரோடு இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கு பி.எஃப் அட்வான்ஸ் போட்டபோது பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எச்.ஆர் வெண்டரைக் கேள் என்றார், வெண்டரின் ஆப் எச்.ஆரைக் கேள் என்றது. கடைசியில் நகையை அடகு வைத்தோம். இந்தச் செலவை உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

கிண்டி பேரோல் டீம்:

அம்பத்தூர் அக்கா, கூட்டு உறுதிமொழி விண்ணப்பம் போட்டால் பெயரைத் திருத்தலாம். நிறுவனம் ஒப்புதல் தர வேண்டியிருக்கலாம். எச்.ஆர் தட்டிக்கழித்தால் எழுத்தில் கேளுங்கள். பெயர் விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டேன், அது எங்கள் ஆட்கள் செய்வதுதான். கட்டத்தைக் காலியாக விட்டால் ஷீட் ஏறாது, அதனால் எதையாவது போட்டுவிடுவார்கள்.

அரசூர் ஃபவுண்டரி:

செட்டப் ஷீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன், கிண்டி தம்பி. 14ஆம் பக்கத்தில் "சட்டப்படியான பிடித்தங்கள் சேவையில் அடங்கும்" என்று வெண்டர்தான் அச்சடித்திருக்கிறார். நான் ஏன் தனியாகப் பங்களிப்புக் காலம் எழுத வேண்டும்? சம்பளக் கணக்கில் பிழைப்பு நடத்துகிறவருக்கு அது தெரியாது என்றால் 90 ரூபாய் எதற்கு?

மதுரைக்காரர் சொன்ன மெயிலை இன்று காலை போட்டேன். டிக்கெட் எண் மட்டும் வந்திருக்கிறது.

வேடசந்தூர் டைம் ஆபீஸ்:

யாராவது முகம் பார்த்து வருகை போடும் மெஷின் வைத்திருக்கிறீர்களா? கைரேகை தேய்ந்தவர்களுக்கு விரல் மெஷின் வேலை செய்வதில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் மாஸ்க் போட்டிருப்பார்கள், பஞ்சு வேறு பறக்கும். வாங்கினவர்கள் சொல்லுங்கள். வெண்டர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.