வியாழனின் துருவ ஒளி சூரியனுடையதா, வியாழனுடையதா?

விண்ணோக்கி:
"துருவ ஒளியா (துருவத்து வானில் தோன்றும் ஒளி), சூரியக்காற்றின் (சூரியன் வீசும் மின்துகள் ஓட்டம்) வேலை" என்று பூமிக்குச் சொல்வதை அப்படியே வியாழனுக்கும் ஒட்டவைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூரியனிலிருந்து வியாழன் பூமியைப் போல் 5.2 மடங்கு தொலைவில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது சூரியக்காற்றின் அடர்த்தி பூமியருகே இருப்பதில் சுமார் 27-ல் ஒரு பங்குதான். ஆனாலும் அந்த ஒளி அணைவதே இல்லை.

ஆற்றல் வருவது சுழற்சியிலிருந்து. வியாழனின் நிலவான அயோவின் எரிமலைகள் கக்கியதில் நொடிக்கு ஏறத்தாழ ஒரு டன் வளிமம் வியாழனின் காந்தக்கோளத்தில் (அதன் காந்தப்புலம் ஆளும் வெளியில்) கலக்கிறது. அது மின்னேற்றம் பெற்றுப் பிளாஸ்மா ஆனதும், 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கும் காந்தப்புலம் அதையும் சேர்த்து இழுக்கிறது. வெளியே பரவப் பரவ அந்த பிளாஸ்மா பின்தங்கும். அதைக் கூடவே ஓடவைக்கக் காந்தக்கோடுகள் வழியே மின்னோட்டம் பாய்கிறது. அந்த மின்னோட்டத்தின் எலக்ட்ரான்கள் துருவத்து ஹைட்ரஜனில் விழுவதால்தான் துருவத்தைச் சுற்றிப் பெரிய வளையம் ஒளிர்கிறது.

கதிர்:
சூரியனை ஒரேயடியாக வெளியே தள்ளிவிட்டீர்களே! 2016-ல் ஜூனோ விண்கலம் வியாழனை நெருங்கும்போது சூரியக்காற்றை அளந்துகொண்டே போனது. அதே சமயத்தில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி துருவங்களைப் படமெடுத்தது. காற்று காந்தக்கோளத்தை அமுக்கியபோது ஒளி கூடியது.

உங்கள் விளக்கப்படி என்ன நடந்திருக்க வேண்டும்? அமுக்கினால் பிளாஸ்மா உள்ளே வரும், சுழல்பவர் கையை மடக்கினாற்போல் வேகமெடுக்கும். பின்தங்கல் குறையும், மின்னோட்டம் குறையும், ஒளி மங்கும். மங்கவில்லை!

விண்ணோக்கி:
சரியான கேள்வி. ஜூனோ வேறொன்றையும் காட்டியது: மிகப் பிரகாசமான இடங்களில் எலக்ட்ரான்களை முடுக்குவது ஒழுங்கான மின்னழுத்தம் மட்டுமல்ல, அலைகளின் கொந்தளிப்பும்தான். ஆக என் விளக்கத்திலும் ஓட்டை உண்டு. ஆனால் காற்று ஒளியை ஏற்றி இறக்குவது வேறு, ஒளியை உண்டாக்குவது வேறு. அயோ, யூரோப்பா, கானிமீடு ஆகிய மூன்று நிலவுகளும் துருவத்தில் ஆளுக்கொரு ஒளிப்புள்ளி பதிக்கின்றனவே, அவை நிலவும் காந்தப்புலமும் மட்டுமே செய்யும் வேலை.

வளையம்:
நடுவில் வருகிறேன். தொலைவால் காற்று மெலிந்துவிட்டது என்கிறீர்கள். சனி அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு தொலைவு. ஆனால் 2004 ஜனவரியில், சனிக்குப் போய்க்கொண்டிருந்த காசினி விண்கலம் வழியிலேயே சூரியக்காற்றின் அதிர்ச்சி அலையைப் பதிவு செய்தபோது, ஹபிள் பார்த்த சனியின் ஒளி பளிச்சென்று கூடியது. அந்தத் துருவ ஒளியின் வளையம் துருவத்தை நோக்கிச் சுருங்கியது. சனியும் பதினொரு மணி நேரத்துக்குள் சுற்றிவிடுகிறது, அதன் நிலவு என்சலடஸ் நீராவியைக் கக்குகிறது. தொலைவு வாதம் நிற்காது.

விண்ணோக்கி:
ஆமாம், தொலைவை மட்டும் வைத்துச் சொன்னது தவறு. திரும்பப் பெறுகிறேன். காந்தத்தின் வலிமையைச் சொல்லியிருக்க வேண்டும். நடுக்கோட்டில் வியாழனின் புலம் சனியினுடையதைப் போல் சுமார் 20 மடங்கு. சனியினுடையது பூமியைவிடக்கூடக் கொஞ்சம் குறைவு. என்சலடஸ் தரும் நீராவியிலும் சிறு பங்குதான் மின்னேற்றம் பெறுகிறது. உள்ளே இருக்கும் இயந்திரம் சிறியது, அதனால் வெளிக்காற்றின் கை ஓங்குகிறது.

கதிர்:
இப்படிச் சொன்னால் ஏற்கிறேன். வியாழனில் காற்றுக்குப் பங்கே இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

யுரேனஸை என்ன செய்வீர்கள்? காந்த அச்சு சுழல் அச்சிலிருந்து 59 பாகை சாய்ந்து, மையத்தையும் விட்டு விலகி நிற்கிறது. ஒவ்வொரு 17 மணி நேரச் சுற்றிலும் காற்றுக்குக் காட்டும் முகமே மாறுகிறது. அங்கே சுழற்சியின் பங்கையும் காற்றின் பங்கையும் எப்படிப் பிரிப்பது? 1986-ல் வாயேஜர் 2 கடந்து போனபின் எந்தக் கலமும் அங்கே போகவில்லை.